34 அங்குலம், எது வரைக்கும்?

புத்தகத்தையும் படத்தையும் விமர்சிக்கிற மாதிரி ஒரு விதியையும் விமர்சிக்கலாம்னு நினைக்கிறேன். விதியும் யாரோ உட்கார்ந்து எழுதின வாக்கியம்தானே. இந்தப் பதிவுக்கு எடுத்துக்கொண்டது ரொம்பச் சின்ன வாக்கியம். அதன் சாரம் இதுதான்: மினியேச்சர் குதிரையின் உயரம் என்பது, அதன் பிடரியின் கடைசி மயிர் முளைக்கிற இடத்திலிருந்து தரை வரைக்கும் உள்ள தூரம்.

அமெரிக்காவில் மினியேச்சர் குதிரைக் கண்காட்சிப் போட்டிகள் நடக்கிற இடங்களில், எந்தக் குதிரை எந்த உயரப் பிரிவில் நிற்கும் என்பதை இந்த வரிதான் முடிவு செய்கிறது. சில சமயம் அது மினியேச்சர் குதிரைன்னு சொல்லிக்கொள்ளவே தகுதியானதா என்பதையும். வாங்கின விலை, பிறக்கப்போகும் குட்டிகளின் மதிப்பு எல்லாம் இதுக்குப் பின்னால வரிசையா நிற்கும். ஸ்பெக் எழுதுவதும், அடுத்தவர் எழுதின ஸ்பெக்கில் ஓட்டை தேடுவதுமே பிழைப்பாக இருப்பவனுக்கு இந்த வரி ஒரு விருந்து.

முதலில் பின்னணி. அமெரிக்காவில் இதுக்கு இரண்டு பெரிய அமைப்புகள். ஒன்று 1978-ல் தொடங்கிய, டெக்சாஸைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் மினியேச்சர் ஹார்ஸ் அசோசியேஷன். வளர்ந்த குதிரை 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது இவர்கள் வரம்பு. அதாவது 86.4 செ.மீ., கிட்டத்தட்ட நம்ம வீட்டுச் சமையல் மேடை உயரம். இன்னொன்று அமெரிக்கன் மினியேச்சர் ஹார்ஸ் ரெஜிஸ்ட்ரி. இதை நடத்துவது 1888-ல் தொடங்கிய அமெரிக்கன் ஷெட்லாண்ட் போனி கிளப். இவர்களிடம் இரண்டு பிரிவு: 34 அங்குலம் வரை ஏ, அதற்கு மேல் 38 அங்குலம் வரை பி. இனிமேல் முதலாவதை அசோசியேஷன், இரண்டாவதை ரெஜிஸ்ட்ரி என்றே சொல்கிறேன். எண்கள் வேறு வேறாக இருந்தாலும், அளக்கிற இடம் இரண்டுக்கும் ஒன்றுதான்: பிடரியின் கடைசி மயிர்.

குதிரை உலகம் முழுக்க இப்படித்தான் அளக்கிறது என்று யாராவது நினைத்தால், அங்கேதான் வேடிக்கை. மற்ற எல்லாக் குதிரைகளையும் அளப்பது விதர்ஸ் என்ற இடத்தில். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில், இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு மேடு இருக்கும். முதுகெலும்பின் முட்கள் அங்கே உயரமாக நீண்டிருப்பதால் வரும் மேடு அது. தலையை அளக்காமல் இதை அளப்பதற்குக் காரணம் எளிமையானது: குதிரை தலையைத் தூக்கும், தாழ்த்தும், திருப்பும், விதர்ஸ் ஓரளவுக்கு இருந்த இடத்தில் இருக்கும். தோலுக்கு அடியில் எலும்பு இருக்கிறது, விரலால் தடவிக் கண்டுபிடிக்கலாம். சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு, போனி எனப்படும் மட்டக்குதிரைகளுக்கு 148 செ.மீ. என்று வைத்திருக்கும் வரம்பும் விதர்ஸில் அளப்பதுதான். லாடம் அடித்திருந்தால் 149. அந்த ஒரு செ.மீ. சலுகை எனக்குப் பிடித்த விஷயம். பிழை எங்கிருந்து வரும் என்று யோசித்து, அதுக்கு விதியிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள்.

மினியேச்சர் குதிரைக்கு மட்டும் ஏன் மயிர்? இதுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் முழு அபத்தம் இல்லை. சின்ன உடம்பு, அடர்ந்த ரோமம், கொழுகொழுன்னு சதை; விதர்ஸ் மேடு பல குதிரைகளில் எடுப்பாகத் தெரியாது. பிடரி மயிர் முடியும் இடம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், தடவிப் பார்க்க வேண்டியதில்லை. சரி. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் நிலையான இடம் ஆகிவிடாது. மயிர் எலும்பு இல்லை. அதைக் கத்தரிக்கலாம், சிரைக்கலாம், பிடுங்கலாம். கடைசி நாலு மயிரை எடுத்துவிட்டால், அதற்கு முந்தைய மயிர் ‘கடைசி மயிர்’ ஆகிவிடுகிறது. வரிசையின் கடைசி உறுப்பை நீக்கினால் கடைசி உறுப்பு மாறும் என்பது புரோகிராமிங்கில் முதல் வாரப் பாடம்.

அப்படி மாறினால் என்ன ஆகும்? பல குதிரைகளில் கழுத்து வந்து விதர்ஸில் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு பள்ளம் இருக்கும். கடைசி மயிர் மேட்டின் உச்சியில் முடிந்தால் ஓர் எண், பள்ளத்தில் முடிந்தால் இன்னோர் எண். குதிரை தலையைத் தாழ்த்தினால் அந்தப் பள்ளமே இறங்கும். சில குதிரைகளுக்குப் பிடரி மயிர் விதர்ஸைத் தாண்டி முதுகுப் பக்கம் வரைக்கும் போகும். அங்கேயும் கோடு இறங்குகிறது. மொத்தத்தில், விதர்ஸில் அளப்பதைவிட மயிரில் அளந்தால் பல குதிரைகள் ஓர் அங்குலம், சில ஓர் அங்குலத்துக்கு மேலும் குட்டையாகத் தெரியும். குட்டையாக இருப்பதே பெருமை என்கிற ஓர் உலகத்தில் இந்த முறை ஏன் நிலைத்தது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேட வேண்டாம்.

இதன் நேரடி விளைவு ஒன்றைப் பாருங்கள். பிரிட்டனில் ஷெட்லாண்ட் போனி ஸ்டட்-புக் சொசைட்டி 1890-ல் இருந்து இருக்கிறது. அவர்கள் கணக்கில் ஷெட்லாண்ட் குதிரை 42 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 34 அங்குலமோ அதற்குக் கீழோ இருந்தால் அது மினியேச்சர் ஷெட்லாண்ட். அங்கேயும் 34, இங்கேயும் 34. ஆனால் அவர்கள் அளப்பது விதர்ஸில். ஆகவே ஷெட்லாண்ட் தீவில் ‘கொஞ்சம் உயரம் ஜாஸ்தி’ என்று ஒதுக்கப்பட்ட ஒரு குதிரை, அதே அளவுகோலை அமெரிக்க முறையில் வைத்தால் 34-க்குள் வந்துவிட முடியும். கின்னஸ் புத்தகத்துக்கு வந்தால் இன்னும் தமாஷ். 2001-ல் பிறந்து, உலகத்தின் மிகச் சிறிய குதிரை என்று பெயர் வாங்கிய அமெரிக்காவின் தம்பெலினாவின் உயரம் 44.5 செ.மீ., அதாவது 17.5 அங்குலம். பின்னால் வந்த போலந்து நாட்டின் போம்பெல் 56.7 செ.மீ. இரண்டையும் கின்னஸ் பதிந்தது விதர்ஸ் வரை அளந்துதான். உலக சாதனைக்கு மேட்டில் அளக்கிறார்கள். உள்ளூர்க் கோப்பைக்கு மயிரில். யூனிட் ஒன்று, வேரியபிள் பெயர் ஒன்று, ஆனால் உள்ளே இருக்கிற மதிப்பு வேறு. இந்த மாதிரி பக்கைத் தேடி ராத்திரி முழிச்சவங்களுக்கு இந்த எரிச்சல் புரியும்.

குதிரை உயரத்துக்கு வரம்பு வைப்பது பழைய பழக்கம். ஆனால் பழைய வரம்புகளைப் படித்தால் ஒரு வித்தியாசம் தெரியும்: அவற்றுக்கு ஏதோ ஒரு காரணம் இருந்தது. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி காலத்தில், 1535-லும் 1540-லும் குதிரை வளர்ப்புக்குச் சட்டம் போட்டார்கள். இனப்பெருக்கத்துக்கு விடும் பெண் குதிரை 13 கை உயரத்துக்குக் குறையக் கூடாது. பொது மேய்ச்சல் நிலத்தில் 15 கைக்குக் குறைந்த ஆண் குதிரை திரியக் கூடாது. ஒரு கை என்றால் 4 அங்குலம். நம்ம சாண், முழம் மாதிரி உடம்பிலிருந்து வந்த அளவுதான், ஆனால் சட்டத்தில் எண்ணாக நிறுத்தப்பட்டது. போருக்குக் கனமான குதிரை வேணும், அதனால் ‘இதுக்குக் குறையக் கூடாது’ என்ற வரம்பு.

அடுத்து வந்தது எதிர்த்திசை. 1842-ல் பிரிட்டன், பெண்களும் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன்களும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வேலை செய்வதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அவர்கள் இழுத்த வண்டிகளை இழுக்க ஆள் வேண்டுமே. அந்த இடத்துக்குப் போனவை ஷெட்லாண்ட் குதிரைகள். லண்டன்டெரி பிரபு 1870-களில் பிரெஸ்ஸே, நாஸ் தீவுகளில் இதற்காகவே ஒரு குதிரைப் பண்ணை வைத்து, குட்டையும் பலமுமாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார். இங்கே வரம்பை யாரும் புத்தகத்தில் எழுத வேண்டியதே இல்லை. சுரங்கத்தின் கூரைதான் அளவுகோல். குதிரையின் முதுகு கூரையில் இடித்தால் அது உயரம். பிடரியை எங்கே சிரைத்திருக்கிறாய் என்று கூரை கேட்காது. கொடூரமான அளவுகோல்தான், அந்தக் குதிரைகளின் வாழ்க்கையை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அளவு என்கிற முறையில் அதை ஏமாற்ற வழியில்லை.

இன்றைய 34-க்குப் பின்னால் அப்படி ஒரு கூரை இல்லை. 33-ஆக இருந்திருக்கலாம், 35-ஆக இருந்திருக்கலாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பதினெட்டு வயதில் ஓட்டு என்பதும் அப்படித்தான், ஏதோ ஓர் இடத்தில் கோடு போட்டுத்தான் ஆகணும். ஆனால் காரணமில்லாத கோட்டுக்கு ஒரு கடமை இருக்கிறது: கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதாவது சந்தேகமில்லாமல் தெரியணும். அதில்தான் இந்த விதி சறுக்குகிறது.

போட்டி மைதானத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். அசோசியேஷனில் வயதுக்கு ஏற்ற வரம்பு உண்டு: பால் மறந்த குட்டி 30 அங்குலம், ஒரு வயது 32, இரண்டு வயது 33, மூன்றுக்கு மேல் 34. வளர்ந்த குதிரைகளுக்குள்ளேயும் இரண்டு அங்குலத்துக்கு ஒரு வகுப்பு: 28 வரை, 28-லிருந்து 30, 30-லிருந்து 32, 32-லிருந்து 34 என்று. ஆக 34 மட்டும் கோடு கிடையாது. வழி நெடுகக் கோடுகள். விற்பனை விளம்பரங்களில் 33.75, 31.5 என்று கால் அங்குலக் கணக்கில் உயரம் போடுவது சகஜம். கால் அங்குலம் என்றால் 6.35 மி.மீ. ஒரு பென்சிலின் தடிமன்.

உயிருள்ள, மூச்சு விடுகிற, பயப்படுகிற ஒரு பிராணியை ஒரு பென்சில் தடிமனுக்குத் துல்லியமாக அளக்க முடியுமா? குதிரையின் உடம்பமைப்பே இதுக்கு எதிரி. நமக்குத் தோளையும் நெஞ்சையும் இணைக்கக் காரை எலும்பு இருக்கிறது. குதிரைக்கு அது கிடையாது. முன்னங்கால்கள் உடம்போடு எலும்பால் மாட்டப்படவில்லை. தசைகளாலும் நாண்களாலும்தான் பிடிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு முன்னங்கால் தூண்களுக்கு நடுவே தூளியில் தொங்குகிற மாதிரி நெஞ்சுக்கூடு தொங்குகிறது. குதிரை பதற்றமானால் அந்தத் தூளி இறுகி உடம்பு மேலே வரும். சோர்ந்து தளர்ந்து நின்றால் கீழே இறங்கும். ஒரே குதிரை, ஒரே நாள், ஒரே அளவுகோல், வேறு வேறு எண். யாரும் ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

ஏமாற்றணும்னு நினைத்தால் கேட்கவே வேண்டாம். முன்னங்கால்களைச் சற்று முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் நகர்த்தி நிற்க வைத்தால் உடம்பு இறங்கும். அதனால்தான் கால்கள் நேராக, சதுரமாக நிற்கணும் என்று விதிகள் சொல்கின்றன. தரை கொஞ்சம் சாய்ந்திருந்தால் போச்சு. அளவுகோலில் ரசமட்டம் இல்லையென்றால், குறுக்குச் சட்டம் சாய்ந்தால் போச்சு. குளம்பைச் சீவலாம். அளவுகோல் முதுகில் பட்டவுடன் உடம்பைத் தாழ்த்திக்கொள்ளக் குதிரையைப் பழக்கலாம். இதில் பலதும் குதிரைக்கு வலி. குளம்பைத் தேவைக்கு மேல் சீவினால் கால் நொண்டும். வயதுக்கு இத்தனை அங்குலம் என்று வரம்பு வைத்தால், வளர்கிற குட்டியின் தீனியில் கை வைக்கலாமா என்ற எண்ணம் யாராவது ஒருத்தருக்காவது வராமல் இருக்காது. பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் பணக் கொள்கையைப் பற்றி ஒன்று சொன்னார். அது இன்றைக்கு அவர் பெயரிலேயே விதியாக வழங்குகிறது. ஓர் அளவையே இலக்காக்கிவிட்டால், அது அளவாக இருக்கும் தகுதியை இழந்துவிடும் என்பது அதன் பொதுவான பொருள். மேனேஜ்மென்ட் கூட்டங்களில் சலிக்கச் சலிக்க ஓதப்படும் வாசகம். ஆனால் இங்கே இலக்கை அடைய வளைக்கப்படுவது எக்செல் ஷீட் இல்லை, ஒரு குட்டியின் கால்.

சரி, அளவில் பிழை வரும், ஏமாற்று வரும். எந்தப் போட்டியில்தான் இல்லை? இப்படிக் கேட்டு விட்டுவிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது, பிழை வந்தால் என்ன விலை என்பதுதான். இங்கேதான் இரண்டு அமைப்புகளும் பிரிகின்றன.

ரெஜிஸ்ட்ரியில் ஒரு குதிரை 34-ஐத் தாண்டினால் ஏ பிரிவிலிருந்து பி பிரிவுக்குப் போகும். கௌரவம் கொஞ்சம் குறையலாம், போட்டி வேறாகலாம், ஆனால் குதிரைக்கு ஓர் இடம் இருக்கிறது. அசோசியேஷன் வகுத்த வரம்பில் 34-க்கு அந்தப் பக்கம் அப்படி இன்னொரு பிரிவு காத்திருக்கவில்லை. முன்னது படிக்கட்டு, பின்னது மொட்டை மாடி விளிம்பு. கால் அங்குலப் பிழை படிக்கட்டில் ஒரு படி, விளிம்பில் எல்லாமே. எவ்வளவு பெரிய விலையோ அவ்வளவு பெரிய தூண்டுதல். எனவே, அளவு எங்கே ரொம்பத் துல்லியமாக இருக்க வேண்டுமோ, அங்கேதான் அதை வளைக்கும் ஆசையும் அதிகம். அந்த இடத்தில் போய் மயிரை நம்புகிறோம்.

பொறியியலில் இதுக்குப் பழைய தீர்வு உண்டு. எந்த அளவும் தனியாக வருவதில்லை, கூடவே ஒரு நிச்சயமின்மையும் வரும். 34.25 என்று அளவுகோல் காட்டுகிறது; நம்ம முறையின் பிழை இரண்டு பக்கமும் அரை அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்தக் குதிரை வரம்பைத் தாண்டிவிட்டதா? ‘தெரியாது’ என்பதுதான் நேர்மையான பதில். ஆனாலும் முடிவு எடுக்கணும். அதற்காக வரம்புக்குப் பக்கத்தில் ஒரு காப்புப் பட்டை விடுவார்கள். சந்தேகத்தின் பலனைக் குதிரைக்குக் கொடுப்பதானால் 34.5-க்கு மேல் காட்டினால் மட்டும் வெளியே. வரம்புக்குக் கொடுப்பதானால் 33.5-க்குள் காட்டினால் மட்டும் உள்ளே. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அளவியல் கேள்வி இல்லை, கொள்கைக் கேள்வி. ஒரு பொருள் வரம்புக்குள் இருக்கிறதா என்று முடிவு செய்யும்போது நிச்சயமின்மையை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதற்குச் சர்வதேச அளவியல் கூட்டுக் குழு 2012-ல் ஒரு வழிகாட்டி ஆவணமே வெளியிட்டிருக்கிறது. போல்ட்டுக்கும் மருந்துக்கும் எழுதினதுதான், குதிரைக்கும் பொருந்தும். என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: வகுப்பு பிரிப்பதற்கு அளவுகோல் காட்டும் எண் போதும், காப்புப் பட்டை வேண்டாம். ஆனால் பதிவை ரத்து செய்வது மாதிரி திரும்ப முடியாத முடிவுக்கு, சந்தேகத்தின் பலன் குதிரைக்குத்தான்.

பிரிட்டனின் ஜாயின்ட் மெஷர்மென்ட் போர்டு செய்வதை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அவர்களுக்கும் இதே தலைவலி. மட்டக்குதிரைப் போட்டிகளில் ஒரு செ.மீ. என்றால் அங்கேயும் பெரிய பணம். அவர்கள் போட்டி நாளன்று, மைதானத்து ஓரத்தில், பதற்றத்தோடு நிற்கும் குதிரையை அளப்பதை நம்பி இருப்பதில்லை. தனியாக நியமிக்கப்பட்ட கால்நடை மருத்துவர், இதற்கென்று சோதித்து ஏற்கப்பட்ட சமதளம், லாடம் கழற்றிய கால், ரசமட்டம் வைத்த அளவுகோல், விதர்ஸின் உச்சி. நாலு வயதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அளவு. ஏழு வயதானதும் ஆயுள் சான்றிதழ். யாருக்காவது அளவில் சந்தேகம் என்றால் ஆட்சேபம் எழுப்பலாம், மறு அளவை உண்டு. இதிலும் சச்சரவு இல்லாமல் இல்லை. வருஷா வருஷம் ஆகும் செலவு உண்டு. அளவு நாளுக்காகக் குதிரையைத் ‘தயார்’ செய்யும் வேலை அங்கேயும் நடக்கும் என்ற புகார் பழசு. ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் தெளிவு. அளப்பது ஒரு தனி வேலை, போட்டி ஒரு தனி வேலை. இரண்டையும் ஒரே காலைப்பொழுதில் கலக்க வேண்டாம் என்பது. ப்ரொடக்ஷனில் டெஸ்ட் பண்ணாதேன்னு நாங்க சொல்றது அதுதான்.

இதையெல்லாம் எழுதும்போது இன்னொரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு சிரமப்பட்டு அளக்கிற உயரம், எதன் அடையாளம்? அசோசியேஷன், பெற்றோர் யார் என்பதை டிஎன்ஏ வைத்து உறுதி செய்யும் அமைப்பு. ஒரு குட்டியின் அப்பா அம்மா விஷயத்தில் மரபணுவைக் கேட்கிறது. ஆனால் இனத்தின் முதன்மை அடையாளமான குட்டைத்தனத்தை மயிரைக் கேட்கிறது. குதிரையின் உடல் அளவைப் பற்றி மரபியலுக்கு இப்போது நிறையத் தெரியும். 2012-ல் வந்த ஓர் ஆய்வு, வெவ்வேறு குதிரை இனங்களுக்கு இடையிலான அளவு வேறுபாட்டில் 83 சதவீதத்தை வெறும் 4 மரபணு இடங்கள் விளக்கிவிடுவதாகக் காட்டியது. மனிதர்களில் இதே வேலைக்கு நூற்றுக்கணக்கான இடங்கள் வேண்டும். 2015-ல் இன்னோர் ஆய்வு, வெறும் 48 ஷெட்லாண்ட் குதிரைகளை வைத்தே ஹெச்எம்ஜிஏ2 என்ற மரபணுவில், குதிரையைக் குட்டையாக்கும் ஒற்றை எழுத்து மாற்றம் ஒன்றைப் பிடித்தது. 48 போதுமானதாக இருந்தது என்றால், அந்த மாற்றத்தின் விளைவு அவ்வளவு பெரிது என்று அர்த்தம். அந்த ஆய்வாளர்கள் உயரத்தை எடுத்துக்கொண்டது எங்கே தெரியுமா? விதர்ஸில்.

இதன் இருண்ட பக்கமும் சேர்த்தே தெரிய வந்திருக்கிறது. 2018-ல் கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மினியேச்சர் குதிரைகளில் ஒரு வகைக் குள்ள நோய்க்குக் காரணமான 4 மாற்றங்களை ஏகேன் என்ற மரபணுவில் காட்டினார்கள். ஒரு பிரதி மட்டும் இருந்தால் குதிரை பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு வந்தால் வளைந்த கால், உருக்குலைந்த தாடை, பல சமயம் பிறக்கும் முன்பே சாவு. அளவுகோலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 30 அங்குலம் என்று காட்டும், அவ்வளவுதான். நல்ல விகிதத்தில் குட்டையான குதிரைக்கும், நோயின் ஒரு பிரதியைச் சுமக்கும் குதிரைக்கும் அதே எண், அதே வகுப்பு, அதே ரிப்பன். குட்டையாக, இன்னும் குட்டையாக என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போகும் ஓர் இனத்தில், உயரக் கோட்டைக் காவல் காக்கச் செலவாகும் உழைப்பில் கொஞ்சத்தை இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கச் செலவழிப்பது எவ்வளவோ மேல் என்பேன்.

விதர்ஸுக்கு மாறினால் என்ன என்ற கேள்விக்கு வரும் எதிர்ப்பும் அலட்சியப்படுத்தக் கூடியது இல்லை. இத்தனை ஆண்டுகளாக மயிரில் அளந்து 33.5 என்று பதிவான ஒரு குதிரை, நாளைக்கே விதர்ஸில் அளந்தால் 35-ஐத் தொடலாம். ஒரே இரவில் ஏராளமான குதிரைகள் வரம்புக்கு வெளியே. அவற்றின் குட்டிகள், பேரக்குட்டிகள், காசு கொடுத்து வாங்கினவர்கள் கதி? சாஃப்ட்வேரில் இதுக்குப் பேர் பின்னோக்கிய பொருத்தம். பழைய தவறான வடிவத்தை நம்பி ஆயிரம் பேர் வேலை செய்துகொண்டிருக்கும்போது, சரியான வடிவத்தை மட்டும் வெளியிட்டுவிட்டு வேடிக்கை பார்க்க முடியாது. நியாயமான பயம்தான். ஆனால் இது அளக்கும் இடத்தை மாற்றக் கூடாது என்பதற்கான காரணம் கிடையாது. 34 என்ற எண்ணையும் கூடவே மாற்றணும் என்பதற்கான காரணம். விதர்ஸில் 35 என்றோ 36 என்றோ வைத்துக்கொண்டால் எந்தக் குதிரையும் வளரப் போவதில்லை. மனசுக்குள் 34 என்ற எண் தெய்வமாகிவிட்டதுதான் சிக்கல்.

அதைச் சுற்றிப் போக வழி இருக்கிறது. பழைய பதிவுகளைத் தொட வேண்டாம். பதிவுப் படிவத்தில் இரண்டாவது பத்தி ஒன்றைச் சேர்த்து, இனிமேல் அளக்கும் ஒவ்வொரு குதிரைக்கும் கடைசி மயிர் உயரத்தோடு விதர்ஸ் உயரத்தையும் எழுதிக்கொள்ளலாம். கூடவே ஒரு சின்னச் சோதனை: ஒரு போட்டியில் பத்துக் குதிரைகளை எடுத்து, இரண்டு பேர், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளக்கட்டும். தொழிற்சாலைகளில் புதுக் கருவி வாங்கினால் முதலில் செய்கிற சோதனை இதுதான். மயிரில் எண்கள் எவ்வளவு சிதறுகின்றன, விதர்ஸில் எவ்வளவு சிதறுகின்றன என்பது ஒரே மத்தியானத்தில் தெரிந்துவிடும். விதர்ஸில்தான் அதிகமாகச் சிதறுகிறது என்று வந்தால், மயிர்க் கட்சிக்காரர்கள் கையில் முதல் தடவையாக ஓர் ஆதாரம் கிடைக்கும், நானும் ஏற்றுக்கொள்வேன். இரண்டு பத்திகளும் ஐந்தாறு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நிரம்பின பிறகு, 34-க்குச் சமமான விதர்ஸ் எண் எது என்று யாரும் வாக்குவாதம் பண்ண வேண்டியதில்லை, சராசரி எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். குதிரை ஏற்கெனவே சதுரமாக நின்றுகொண்டிருக்கிறது, அளவுகோல் அதன் பக்கத்திலேயே இருக்கிறது, குறுக்குச் சட்டத்தைச் சில விரற்கடை பின்னால் நகர்த்தி இன்னொரு தடவை வாசித்தால் போதும்.